கோப்பின் பெயர் பாதியில் அறுந்து தெரிகிறதா? முழுதாகப் பார்க்கும் வழிகள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கட்டுரைகளை எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தேன். அதில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘நூற்றாண்டு விழா மலர் ஆசிரியர் நினைவுகள் மெய்ப்புக்கு முன்’. மற்றொன்று ‘நூற்றாண்டு விழா மலர் ஆசிரியர் நினைவுகள் மெய்ப்புக்குப் பின்’. திரையில் இரண்டுமே ‘நூற்றாண்டு விழா மலர் ஆசி…’ என்றுதான் தெரிந்தன. அச்சகத்துக்கு நான் அனுப்பியது முதல் கோப்பு.

மலர் கைக்கு வந்த அன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். தம் தந்தையின் பெயரில் விழுந்திருந்த எழுத்துப் பிழையை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் இரவில் கண்விழித்துத் திருத்திய பிழைகளில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு, புதிதாகக் கணினி பழகுகிறவர் யார் வந்து கேட்டாலும், தட்டச்சுக்கும் இணையத்துக்கும் முன்பாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: கோப்பின் பெயரை முழுதாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபைல் என்று நாம் பேச்சில் சொல்லும் கோப்பும், ஃபோல்டர் என்று சொல்லும் கோப்புறையும் பெயரைக் கொண்டுதான் அடையாளம் காணப்படுகின்றன. பாதிப் பெயரை நம்பி அனுப்புவதும் அழிப்பதும் ஆபத்து.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெயர் அறுந்து தெரிந்தாலும் அது அழிந்துவிடவில்லை. கோப்பில் முழுப் பெயரும் அப்படியே இருக்கிறது. திரையில் ஒதுக்கப்பட்ட இடம் போதாததால், மீதியை மறைத்து மூன்று புள்ளிகளைப் போட்டுவிடுகிறது கணினி. விண்டோஸ் பெயரின் வாலை வெட்டுகிறது. மேக் கணினி தலையையும் வாலையும் காட்டி நடுப்பகுதியை வெட்டுகிறது. மேக் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் ‘முன்’, ‘பின்’, ‘திருத்தியது’ போன்ற முக்கியமான சொற்களை நாம் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுகிறோம்.

ஒரே ஒரு பெயரை உடனே பார்க்க

விண்டோஸில் எளிய வழி, சுட்டியை அந்தக் கோப்பின் மேல் கொண்டுபோய்க் கிளிக் செய்யாமல் ஒரு நொடி அசையாமல் வைத்திருப்பது. சிறிய கட்டம் ஒன்று எழும்பி முழுப் பெயரையும் காட்டும். புதியவர்கள் சுட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பதால் இந்தக் கட்டம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கையை நிறுத்துங்கள், அது வரும். டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்பு என்றால் இன்னும் எளிது. அதை ஒருமுறை கிளிக் செய்தாலே கீழே உள்ள பெயர் விரிந்து, எத்தனை வரி ஆனாலும் முழுதாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் வைத்திருந்தும் கட்டம் எழவில்லையா? யாரோ அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறார்கள். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, அதில் ‘வியூ’ என்ற தாளுக்குப் போய், ‘ஷோ பாப்-அப் டிஸ்க்ரிப்ஷன்’ என்று தொடங்கும் வரிக்கு முன்னால் டிக் போடுங்கள். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ எங்கே இருக்கிறது என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வழி எஃப்2 விசை. கோப்பை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, விசைப்பலகையின் மேல்வரிசையில் இருக்கும் எஃப்2-ஐ அழுத்தினால் பெயரை மாற்றுவதற்கான கட்டம் திறக்கும். பெயர் அதில் விரிந்து தெரியும். இன்னும் நீளமாக இருந்தால் ‘எண்ட்’ விசையை அழுத்துங்கள், பெயரின் கடைசிக்கு நகர்ந்துவிடும். படித்து முடித்ததும் ‘எஸ்கேப்’ விசையை அழுத்தி வெளியே வாருங்கள். இந்தக் கடைசிப் படியை மறக்க வேண்டாம். கட்டம் திறந்திருக்கும்போது தவறுதலாக ஒரு விசை பட்டாலும் பெயர் முழுதும் அழிந்து அந்த ஓர் எழுத்து மட்டும் நிற்கும். அப்படி நடந்துவிட்டால் பதறாமல் ‘எஸ்கேப்’ அழுத்துங்கள். ‘என்டர்’ அழுத்திவிட்டீர்கள் என்றாலும், கண்ட்ரோல் விசையோடு இசட் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் பழைய பெயர் திரும்பிவிடும். சில மடிக்கணினிகளில் எஃப்2 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும். அவற்றில் ‘எஃப்என்’ என்ற விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மூன்றாவதாக, கோப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரம் வரும். அதில் பெயர், எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது எல்லாம் இருக்கும். பெயருக்கான கட்டம் அங்கேயும் குறுகலானதுதான், அதற்குள் கிளிக் செய்து ‘எண்ட்’ விசையால் கடைசிவரை நகர வேண்டும். பெயரை மட்டும் பார்க்க இது சுற்று வழி. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வெவ்வேறு இடங்களில் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

எல்லாப் பெயர்களையும் எப்போதும் முழுதாகப் பார்க்க

மேலே சொன்னவை அவசரத்துக்கு உதவும். ஐம்பது கோப்புகள் உள்ள கோப்புறையில் ஒவ்வொன்றின் மேலும் சுட்டியை நிறுத்திக்கொண்டிருக்க முடியாது. அதற்குக் கோப்புறையின் தோற்றத்தையே மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

1. கோப்புறையைத் திறந்து, கோப்புகள் இல்லாத வெற்றிடத்தில் வலது கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் ‘வியூ’ என்பதற்குப் போய் ‘டீடெயில்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எண் 6-ஐ அழுத்தினாலும் இதே தோற்றம் வரும். பெரிய படங்களாக இருந்த கோப்புகள் இப்போது வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கும்.

2. மேலே ‘நேம்’, ‘டேட் மாடிஃபைட்’, ‘டைப்’, ‘சைஸ்’ என்று தலைப்புகள் தெரியும். ‘நேம்’ என்ற தலைப்புக்கும் அடுத்த தலைப்புக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. சுட்டியை அந்தக் கோட்டின் மேல் கொண்டுபோனால், அது இருபுறமும் கூர்மையான அம்பாக மாறும்.

3. அம்பு மாறிய அந்த இடத்திலேயே இருமுறை கிளிக் செய்யுங்கள். நீளமான பெயருக்கு ஏற்ற அளவுக்கு அந்த நெடுவரிசை தானாக அகலமாகும். கோட்டைப் பிடித்து வலப்புறம் இழுத்தும் அகலப்படுத்தலாம்.

கோட்டைப் பிடிப்பது வயதானவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் கடினம். அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் ‘சைஸ் ஆல் காலம்ஸ் டு ஃபிட்’ என்ற வரி வரும். அதை அழுத்தினால் எல்லா நெடுவரிசைகளும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். எண்களுக்குத் தனிப்பகுதி உள்ள பெரிய விசைப்பலகை என்றால், கண்ட்ரோல் விசையுடன் அந்தப் பகுதியில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினாலே போதும். என் அம்மா சுட்டியைத் தொடாமலே இதைச் செய்துவிடுவார்.

பெயர் திரையின் அகலத்தையே தாண்டிவிட்டால், முதலில் சாளரத்தைப் பெரிதாக்குங்கள். பிறகும் போதவில்லை என்றால் தேவையில்லாத நெடுவரிசைகளை எடுத்துவிடலாம். தலைப்பில் வலது கிளிக் செய்து ‘டைப்’, ‘சைஸ்’ ஆகியவற்றின் முன்னால் இருக்கும் டிக்கை நீக்குங்கள். வலப்பக்கம் கோப்பின் முன்னோட்டம் காட்டும் பகுதி திறந்திருந்தால், ஆல்ட் விசையுடன் பி எழுத்தை அழுத்தி அதை மூடுங்கள். பெயருக்கு நிறைய இடம் கிடைக்கும். தேதியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். இரண்டு பெயர்கள் ஒன்றுபோல இருக்கும்போது எது புதியது என்பதைச் சொல்வது அந்தத் தேதிதான்.

எல்லாக் கோப்புறைகளுக்கும் இதே தோற்றம்

புதியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: “இந்தக் கோப்புறையில் சரியாகிவிட்டது. இன்னொன்றைத் திறந்தால் மறுபடியும் பழையபடிதான் இருக்கிறதே?” விண்டோஸ் ஒவ்வொரு கோப்புறையின் தோற்றத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது.

தீர்வு ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் கோப்புறைச் சாளரத்தின் மேல்பட்டையில் மூன்று புள்ளிகள் இருக்கும், அதை அழுத்தி ‘ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் மேலே ‘வியூ’ என்பதை அழுத்தினால் வலது ஓரத்தில் ‘ஆப்ஷன்ஸ்’ இருக்கும். இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ‘ஆர்கனைஸ்’ என்பதை அழுத்தித் தேட வேண்டும். திறந்த பின் ‘வியூ’ என்ற தாளில் ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். உறுதியாகவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி, ‘ஓகே’ அழுத்தி வெளியே வாருங்கள். நெடுவரிசையை அகலப்படுத்திய பிறகு இதைச் செய்வது முக்கியம், அந்த அகலமும் சேர்ந்தே மற்றவற்றுக்குப் போகும்.

இதற்குப் பிறகும் படங்கள் உள்ள கோப்புறை மட்டும் பெரிய படங்களாகவே திறக்கும். விண்டோஸ் கோப்புறைகளை ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: பொதுவானவை, ஆவணங்கள், படங்கள், இசை, காணொளிகள். நீங்கள் மாற்றியது நீங்கள் நின்றிருந்த வகைக்கு மட்டும்தான். படங்களுக்கான கோப்புறை ஒன்றைத் திறந்து, அங்கேயும் ஒருமுறை இதையே செய்துவிட்டால் சரியாகிவிடும். ஸ்கேன் செய்த பட்டா, சான்றிதழ் போன்றவற்றைப் படக் கோப்புகளாக வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் தேவை. சிறு படமாகப் பார்த்தால் எல்லாப் பட்டாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மின்னஞ்சலில் கோப்பை இணைக்கும்போது திறக்கும் சிறிய சாளரத்தையும் மறந்துவிட வேண்டாம். தவறான கோப்பு கைமாறிப் போவது பெரும்பாலும் அங்கேதான். நான் மலரைத் தவறாக அனுப்பியதும் அந்தச் சாளரத்திலிருந்துதான். அதன் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கலாம். உள்ளே வலது கிளிக் செய்து ‘வியூ’, ‘டீடெயில்ஸ்’ என்று மாற்றலாம். நெடுவரிசைக் கோட்டில் இருமுறை கிளிக் செய்வதும் அங்கே வேலை செய்யும். பலர் அந்தச் சாளரத்தை மாற்றவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரின் கடைசி எழுத்துகள்

முழுப் பெயர் தெரிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும், விண்டோஸ் இன்னும் ஒரு துண்டை மறைத்து வைத்திருக்கிறது. பிடிஎஃப், ஜேபிஜி, டாக்எக்ஸ் என்று புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி அது. கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதுதான் கணினிக்குச் சொல்கிறது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் இந்தப் பகுதியைத் தானாகவே மறைத்துவிடுகிறது. இன்றைக்கும் அப்படித்தான்.

இது ஏன் ஆபத்து என்பதற்கு 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகமே ஒரு பாடம் கற்றது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்ற நச்சுநிரல் மின்னஞ்சலில் ஓர் இணைப்பாக வந்தது. அந்தக் கோப்பின் முழுப் பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’. கடைசியில் இருந்த ‘விபிஎஸ்’ என்பது அது இயங்கக்கூடிய நிரல் என்பதைக் காட்டும் அடையாளம். விண்டோஸ் அதை மறைத்துவிட்டதால் பலருக்கு ‘டிஎக்ஸ்டி’ என்பதோடு பெயர் முடிந்ததாகத் தெரிந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு, காதல் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். திறந்த கணினிகளில் இருந்த கோப்புகளைக் கெடுத்து, முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. பெயரை முழுதாகப் பார்த்திருந்தால் பலர் கை வைத்திருக்க மாட்டார்கள். இன்றும் ‘ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்பது போன்ற பெயர்களுடன் அதே தந்திரம் நடக்கிறது. சில சமயம் நடுவே ஏராளமான வெற்றிடங்களை விட்டு, கடைசித் துண்டைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள்.

எனவே இதை இன்றே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11-இல் மேலே ‘வியூ’ அழுத்தி, அதில் ‘ஷோ’ என்பதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். விண்டோஸ் 10-இல் ‘வியூ’ பட்டையிலேயே அதே பெயருடன் ஒரு கட்டம் இருக்கும். மேக் கணினியில், கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் செயலியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ என்பதற்குள் ‘ஷோ ஆல் ஃபைல்நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இருக்கிறது. இதன் பிறகு பெயர் மாற்றும்போது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் தொடாதீர்கள். அதை அழித்தால் எந்தச் செயலியில் திறப்பது என்று கணினிக்குத் தெரியாமல் போகும்.

மேக் கணினியில்

சுட்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் முழுப் பெயர் எழும்புவது இங்கேயும் உண்டு. கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கமாண்ட் விசையுடன் ஐ எழுத்தை அழுத்தினால் தகவல் சாளரம் வரும், அதில் பெயருக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. கமாண்டுடன் 2-ஐ அழுத்தினால் கோப்புகள் வரிகளாக அடுக்கப்படும். அங்கே ‘நேம்’ நெடுவரிசையின் வலது கோட்டில் இருமுறை கிளிக் செய்தால், விண்டோஸ் போலவே அகலமாகும்.

மேக்கில் நான் பரிந்துரைப்பது கமாண்டுடன் 3-ஐ அழுத்தினால் வரும் அடுத்தடுத்த பத்தித் தோற்றம். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்பது இதில் கண்முன்னே நிற்கும். பத்திகளுக்கு நடுவே உள்ள பிரிப்புக் கோட்டில் இருமுறை கிளிக் செய்தால், அந்தப் பத்தியின் நீளமான பெயருக்கு ஏற்றபடி விரியும். ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு கோட்டை இழுத்தால் எல்லாப் பத்திகளும் ஒரே அகலத்துக்கு வரும்.

விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பெயரை மாற்றும் கட்டத்தைத் திறப்பது ‘ரிட்டர்ன்’ விசை. கோப்பைத் திறக்க நினைத்து அதை அழுத்துவார்கள், பெயர் மாற்றும் கட்டம் வந்து நிற்கும். ‘எஸ்கேப்’ அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டுவின் ‘ஃபைல்ஸ்’ செயலியில் கண்ட்ரோலுடன் 1-ஐ அழுத்தினால் பட்டியல் தோற்றம் கிடைக்கும், சாளரத்தைப் பெரிதாக்கினால் பெயருக்கும் இடம் கூடும். எஃப்2-உம் ஆல்ட்-என்டரும் விண்டோஸ் போலவேதான். கேடிஇ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துகிறவர்கள் டால்ஃபின் செயலியின் அமைப்புகளில், படத்தோற்றத்தில் பெயர் அதிகபட்சம் எத்தனை வரி வரலாம் என்பதை ‘அன்லிமிடெட்’ என்று மாற்றிவிட்டால் பெயர் எங்கும் அறுபடாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்’ கட்டளையைக் கொடுத்தால் எந்தப் பெயரும் வெட்டப்படாமல் வரும். தமிழ் எழுத்துகள் மட்டும் சற்றுப் பிரிந்து தெரியலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். விண்டோஸுக்கு முன்பு இருந்த டாஸ் காலத்தில் கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்கும், புள்ளிக்குப் பின்னால் 3 எழுத்துகளுக்கும் அடங்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில். 1995-இல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் வீட்டுக் கணினிகளில் 255 எழுத்துகள் வரை நீளமான பெயர் வைக்க முடிந்தது. தமிழில் பெயர் வைக்க அதன் பிறகும் காத்திருந்தோம். அந்த நாளில் நாம் தட்டச்சு செய்த தமிழ், குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும், கோப்பின் பெயராக இட்டால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடும், விண்டோஸ் 2000-உடன் வந்த ‘லதா’ எழுத்துருவும்தான் அந்தக் கதவைத் திறந்தன. இன்று ‘அம்மா ஓய்வூதிய விண்ணப்பம்’ என்று பெயர் வைத்து அப்படியே படிக்க முடிகிறது. இந்த வசதியை நாம் முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களைவிடச் சீக்கிரம் அறுபடும். நம் எழுத்துகள் அகலமானவை. சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாகின்றன. எனவே நெடுவரிசையை அகலப்படுத்தும் பழக்கம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ‘தமிழ்’ என்பதில் நாம் பார்ப்பது 3 எழுத்துகள். கணினி அதை 5 குறியீடுகளாக எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘விண்ணப்பம்’ என்ற 6 எழுத்துச் சொல் 10 குறியீடுகள். விண்டோஸ் 255 குறியீடுகள் வரை ஏற்றுக்கொள்வதால் அங்கே கவலை இல்லை. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 என்ற சேமிப்பு முறையோ 255 பைட்டுகள் (கணினியின் சேமிப்பை அளக்கும் சிறு அலகு) வரை மட்டுமே ஏற்கும். ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டுகள் பிடிக்கிறது. அதாவது 85 குறியீடுகள், கண்ணுக்குத் தெரியும் கணக்கில் 50 எழுத்துகள் அளவு. விண்டோஸில் ஒழுங்காக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், லினக்ஸ் கணினிக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான். பெயரை 40 எழுத்துகளுக்குள் நிறுத்திக்கொண்டால் எந்தக் கணினியிலும் சிக்கல் வராது.

பெயர் மட்டும் அல்ல, பாதையும் நீளும்

‘பாத் டூ லாங்’ என்று விண்டோஸ் சொல்லிக் கோப்பை நகலெடுக்கவோ அழிக்கவோ மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பின் பெயர் சிறியதாகத்தான் இருக்கும். அப்போது குற்றம் கோப்புறைகளின் மேல் இருக்கிறது. சி டிரைவில் தொடங்கி, உள்ளே உள்ளே போகும் ஒவ்வொரு கோப்புறையின் பெயரும், கடைசியில் கோப்பின் பெயரும் சேர்ந்து 260 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய விதி. விண்டோஸ் 10-இன் 2016 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்த வழி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாச் செயலிகளும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. புதியவர்கள் அதைத் தேடிப் போக வேண்டாம். மேலே உள்ள கோப்புறைகளின் பெயரைச் சுருக்குங்கள், அல்லது அந்தக் கோப்புறையைப் பிடித்து டிரைவின் முதல் நிலைக்கு நகர்த்துங்கள். சிக்கல் தீர்ந்துவிடும்.

வேறுபடும் சொல்லை முன்னால் வையுங்கள்

பெயரை முழுதாகப் பார்க்கும் வழிகள் எத்தனை இருந்தாலும், அறுந்தாலும் புரியும்படி பெயர் வைப்பதற்கு ஈடாகாது. விண்டோஸ் வாலை வெட்டும் என்பது தெரிந்துவிட்டதால், எந்தச் சொல் இரண்டு கோப்புகளைப் பிரித்துக் காட்டுகிறதோ அதை முதலில் எழுதுங்கள். என் மலரின் கோப்புகளுக்கு இப்போது ‘திருத்தியது - ஆசிரியர் நினைவுகள் - நூற்றாண்டு மலர்’, ‘பழையது - ஆசிரியர் நினைவுகள் - நூற்றாண்டு மலர்’ என்று பெயர். எவ்வளவு குறுகலான திரையிலும் முதல் சொல் தெரியும்.

தேதி எழுதுகிறீர்கள் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-15 என்பது போல எழுதுங்கள். பெயர்வரிசைப்படி அடுக்கும்போது காலவரிசையும் தானாக அமைந்துவிடும். நாம் வழக்கமாக எழுதும் 15/03/2024 என்ற சாய்கோட்டு முறையை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிப்பதே இல்லை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் ஆகியவையும் அப்படித்தான். ‘புதியது’, ‘மிகவும் புதியது’, ‘இறுதி’, ‘இறுதி 2’ என்று பெயர் வைக்கவே வேண்டாம். பத்து நாள் கழித்து உங்களுக்கே எது எதற்குப் பிறகு என்று தெரியாது.

வாட்ஸ்அப் வழியாக வரும் ஆவணங்கள் பல நேரங்களில் ‘டாக்’ என்று தொடங்கி, தேதியும் எண்ணுமாக முடியும் பெயருடன் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பெயரை முழுதாகப் பார்த்தும் பயன் இல்லை. கணினிக்கு வந்த உடனேயே திறந்து பார்த்து, எஃப்2 அழுத்தி, பொருள் விளங்கும் பெயர் வைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு பட்டியல்

முக்கியமான கோப்புகளை வெளியே அனுப்பும்போது நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன். அனுப்ப வேண்டிய கோப்புகள் உள்ள கோப்புறையைத் திறந்து, கண்ட்ரோலுடன் ஏ எழுத்தை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பேன். பிறகு ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி அவற்றில் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்தால் ‘காப்பி ஆஸ் பாத்’ என்ற வரி இருக்கும். விண்டோஸ் 11-இல் ஷிஃப்ட் இல்லாமலே அது தெரியும். அதை அழுத்திவிட்டு நோட்பேடைத் திறந்து, கண்ட்ரோலுடன் வி எழுத்தை அழுத்தினால், எல்லாக் கோப்புகளின் பெயர்களும், அவை இருக்கும் கோப்புறைப் பாதையோடு சேர்ந்து, ஓர் எழுத்துகூடக் குறையாமல் வரிக்கு ஒன்றாக வந்து நிற்கும். வரி திரைக்கு வெளியே ஓடினால் ‘வேர்ட் ரேப்’ என்பதை இயக்கினால் மடிந்து கீழே வரும்.

அதைத் தாளில் அச்செடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக டிக் செய்து, அதன் பிறகே மின்னஞ்சலில் இணைக்கிறேன். மலரின் திருத்திய பதிப்பை அச்சுக்குக் கொடுத்தபோது, அந்தத் தாளைத் தமிழாசிரியர் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினேழு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். ‘திருத்தியது’ என்று தொடங்கிய பெயரின் கீழே தம் கையாலேயே கோடு போட்டுக் கொடுத்தார்.